நான் கீறிய இரண்டாவது வளைவு

சென்ற ஆண்டு மாசி மாதம். மாரி மழை ஓய்ந்து, வெயில் இன்னும் கடுக்கத் தொடங்காத நாட்கள். சிலாவத்துறைக்கு அப்பால், கடலோரமாக இருக்கும் ஒரு சின்னக் கிராமத்தில்தான் இது நடந்தது. ஊரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. என்னால் அந்த ஊர் பட்டது போதும்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மன்னார் நகரத்தில் ஒரு கந்தோரில் படவரைஞராக இருக்கிறேன். வீடு, மதகு, வடிகால், மதில் என்று எதைக் கட்டுவதாக இருந்தாலும் அதன் வரைபடம் என் மேசைக்கு வரும். அங்கே ஒரு கோடு கொஞ்சம் பிசகினால் போதும், மேசன்மார் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்துவிடுவார்கள். கிழமை முழுக்க இப்படி அளந்து அளந்து கோடு கீறிக் களைத்துப்போகிற எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விடுதலை. காலைப் பூசை முடிந்ததும் நீர்வர்ணப் பெட்டியையும் தடித்த தாளையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். இடிந்த பழங்கட்டடங்கள் என்றால் எனக்குப் பைத்தியம். எங்கள் பக்கத்தில் அவற்றுக்கா பஞ்சம்? போர்த்துக்கேயர் கட்டியது, ஒல்லாந்தர் கட்டியது, வெள்ளைக்காரர் கட்டியது என்று எல்லாரும் ஏதோ ஒன்றைக் கட்டிவிட்டு, அதை இடிய விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

என் கணவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, நிழல் பார்த்துப் படுத்துவிடுவார். "ஆறு நாளும் கட்டி வச்ச மாட்டை ஏழாம் நாள் அவிட்டு விட்டாச்சு" என்பது அவருடைய வழக்கமான பகிடி. நான் அதைக் காதில் விழுத்துவதில்லை.

அந்த ஞாயிறு நாங்கள் போன இடத்தில் கடலில் எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய ஒற்றை வளைவு ஒன்று நின்றது. அதன் ஒரு பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு இடிந்த சுவர், பின்னால் செம்மண் கரை, அதற்கு அப்பால் கடல். முத்துக்குளிப்புக் காலத்துப் பண்டகசாலை என்று சிலர் சொல்வார்கள், குதிரை லாயம் என்று சிலர் சொல்வார்கள். சரியாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அந்தக் காணி இந்தியாவில் அகதி முகாமில் இருந்து திரும்பி வந்த ஒரு குடும்பத்தினுடையது. வளைவுக்கு இடது பக்கமாக அவர்களுடைய தகரக் கொட்டில் இருந்தது. மழை ஒழுகும் இடத்தில் நீலத் தறப்பாள், பக்கத்தில் கறுப்புத் தண்ணீர்த் தாங்கி, உடுப்புக் காயும் கொடி. கொட்டிலோடு ஒட்டி, புதிதாக வெட்டிய அத்திவாரக் கிடங்கு.

அந்த வீட்டுப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கேட்காமலே ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். நான் போத்தலில் கொண்டுபோன தண்ணீர் முடிந்ததும், கிணற்றில் அள்ளலாமா என்று கேட்டேன்.

"ஐயோ மிஸ், அது உப்புத் தண்ணி. உங்கட படத்துக்குச் சரிவராது" என்று சொல்லி, பவுசர் லொறியில் வந்த குடிதண்ணீரில் ஒரு தகரப் பேணி நிறைய வார்த்துத் தந்தாள். உப்புத் தண்ணீர் பட்டால் வர்ணம் காயும்போது பொரி பொரியாகத் திட்டு விழும். அது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ, உப்பு எதையும் கெடுக்கும் என்ற பொதுவான அனுபவமாக இருக்கலாம். அவர்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீரில் நான் தூரிகை கழுவினேன்.

வீட்டுத்திட்டத்தில் தங்களுக்கு வீடு கிடைத்திருப்பதாகச் சொன்னாள். "வாற மாரிக்கு முன்னம் கூரை போட்டிடுவம் மிஸ். ஆமா, இந்த வருசம் கட்டாயம்." இந்தியாவில் பழகிய அந்த 'ஆமா' அவள் வாயிலிருந்து இன்னும் போகவில்லை.

நீர்வர்ணத்தில் முதலில் வானம்தான். தாளை நனைத்து, நீலத்தைத் தொட்டு வைத்து, பலகையைச் சரித்தால் அது தானாக ஓடிப் பரவும். வெளிச்சம் வேண்டிய இடத்தில் தாளின் வெள்ளையை அப்படியே விட வேண்டும். அன்று எனக்கு எல்லாம் கைகூடி வந்தது. வளைவின் உட்பக்க நிழல் ஊதாவும் கபிலமுமாகக் கலந்து இறங்கியதைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. வலது பக்கத்தில் வளைவு வந்துவிட்டது. இடது பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது.

அவள் என் பின்னால் வந்து நின்று பார்த்தாள். "இதில எங்கட கொட்டிலும் வருமோ மிஸ்?"

"ஓம், வரும். வெயில் ஏறுது, வீட்டை போய்க் கீறுவன்" என்றேன். சொன்னபோது பொய் சொல்லும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை.

வீட்டில் தாளை மேசையில் வைத்துப் பார்த்தபோதுதான் பிடிக்காமல் போனது. இவ்வளவு அருமையான வானத்துக்குக் கீழே ஒரு துருப்பிடித்த தகரமா? தறப்பாளின் நீலத்தை வைத்தால் என் கடலின் நீலம் செத்துவிடும். கறுப்புத் தாங்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தூரிகையில் காவி நிறம் ஊறிப்போய் இருந்தது. தேத்தண்ணீர் ஆறுவதற்குள் கொட்டில் இருந்த இடத்தில் இரண்டாவது வளைவு ஒன்றைக் கீறிவிட்டேன். பாதி உடைந்த வளைவு, மேலே ஒரு கொடியும் படரவிட்டேன். படம் நிமிர்ந்து நின்றது.

கணவர் எட்டிப் பார்த்தார். "அங்க ஒண்டுதானே நிண்டது?"

"உங்களுக்கு உதெல்லாம் விளங்காது" என்றேன்.

சித்திரை முடிந்த பிறகு, மன்னாரில் ஒரு பாடசாலை மண்டபத்தில் எங்கள் பகுதி ஓவியர்களின் கண்காட்சி நடந்தது. என் படத்துக்கு முன்னால்தான் கூட்டம். பொன்னாடை போர்த்தினார்கள். ஒலிவாங்கியைப் பிடித்தவர், "இவர் தொழிலில் படவரைஞர், ஓர் அங்குலமும் பிசகாத கை" என்று சொன்னபோது நான் தலையைக் குனிந்து சிரித்தேன், திருத்தவில்லை. கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு இளைஞர் கேட்டார், "இது இப்பவும் இப்பிடியே இருக்கோ மிஸ்?"

"கண்ணால பாத்ததைத்தான் கீறினனான்" என்றேன்.

அந்த ஒரு வசனத்தை விழுங்கிக்கொள்ள இப்போது என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன். கூட்டத்தில் நாலு பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், வாய் தானாகச் சொல்லிவிட்டது. எந்த ஊர் என்றும் கேட்டார்கள். அதையும் சொன்னேன்.

படம் முகநூலில் பரவியது. 'எங்கள் மண்ணின் மறைந்த சின்னம்' என்று எழுதினார்கள். நான் மீன் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு, யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்று குழம்பை அடிப்பிடிக்க விட்டிருக்கிறேன். சில கிழமைகள் கழித்து, இரண்டு மூன்று பேர் படத்தில் இருந்த இடத்தைத் தேடி அந்த ஊருக்கே போனார்கள். என் ஓவியத்தையும் தாங்கள் எடுத்த புகைப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, 'மற்ற வளைவு எங்கே?' என்று கேட்டிருந்தார்கள். ஓவியத்தில் இரண்டாவது வளைவு நின்ற இடத்தில் புகைப்படத்தில் தகரக் கொட்டிலும் அத்திவாரக் கிடங்கும் இருந்தன. பார்க்கிறவர்கள் வேறு எதை நினைப்பார்கள்? இடித்துக் கல்லை எடுத்து வீடு கட்டுகிறார்கள் என்று திட்டித் தீர்த்தார்கள்.

அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். இரண்டு நாளில் அடங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அடங்கவில்லை. ஒருநாள் பதினொரு மணிபோல் அந்தப் பெண்ணின் கணவர் என் கந்தோருக்கு வந்தார். உடம்பில் தோய்த்து மடித்த சேட்டு, கையில் ஒரு பை. மற்றவர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள், அதாவது வேலை செய்வதுபோல் இருந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் உட்காரக்கூட இல்லை.

"குறை நினைக்காதேங்கோ மிஸ். உங்கட படத்தைக் கொண்டு தொல்பொருள் அதிகாரிமார் வந்தவை. மற்ற வளைவை நான் இடிச்சுப் போட்டனாம். வீட்டு வேலையை நிப்பாட்டச் சொல்லிப் போட்டினம். திங்கக்கிழமை பொலிசுக்கு வரச் சொல்லியிருக்கினம்."

அவர் குரலை இன்னும் தாழ்த்தினார்.

"நாங்கள் வந்து குடியிருக்கத் துவங்கின நாளில இருந்து அதில ஒண்டுதான் நிக்குது. ஆனா நீங்கள் இருந்து பாத்துப் பாத்துக் கீறினனீங்கள் எண்டு மனிசி சொல்லுறா. எங்கட கண்ணுக்குத்தான் படேல்லையோ தெரியாது. மற்றது எந்த இடத்தில நிண்டதெண்டு நீங்கள் ஒருக்காச் சொன்னால், நான் கிண்டிப் பாத்து அவையளுக்குக் காட்டுவன்."

அவர் என்னோடு சண்டை பிடிக்க வரவில்லை. என் படத்தில் இருப்பதைத் தன் காணியில் எங்கே தேடுவது என்று கேட்க வந்திருந்தார்.

"மனிசிக்கே இப்ப ஒரு மாதிரி" என்று சிரிக்க முயன்றார். "இடையில அவ நாலு நாள் ஆசுப்பத்திரியில நிண்ட நேரம் நான் இடிச்சனானோ எண்டு ராத்திரிக் கேட்டவ. மிஸ் ஏன் இல்லாததைக் கீறப்போறா எண்டு கேக்கிறா. நான் என்னத்தைச் சொல்ல?"

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு சொல் போதும். ஆனால் பக்கத்து மேசைகளில் எல்லாருடைய பேனையும் நின்றிருந்தது. அங்குலம் பிசகாத கை என்ற அந்தப் பாராட்டை நம்பியிருந்தவர்கள் அவர்கள். "நான் பாத்துச் சொல்லுறன் தம்பி. இப்ப கொஞ்சம் வேலை" என்றேன்.

"பரவாயில்லை மிஸ்" என்று பையை மேசைக்குக் கீழே வைத்தார். "கட்டாக் கருவாடு. வெறுங்கையோட போகாதேங்கோ எண்டு மனிசி தந்துவிட்டவ." பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

பின்னேரம் வரை அந்தக் கருவாட்டு மணம் என் காலடியில் இருந்தது. எனக்கு அழுகை வந்தது, ஆனால் அழுதால் காரணம் கேட்பார்கள் என்ற பயத்தில் அதையும் அடக்கினேன். என்ன பிறவி நான் என்று இருந்தது.

வீட்டில் கணவர் பையைத் திறந்து பார்த்து, யார் தந்தது என்று கேட்டார். முழுவதையும் சொன்னேன். பகிடி விடுவார் என்று காத்திருந்தேன், விடவில்லை. கருவாட்டைப் பழையபடி சுற்றி வைத்துவிட்டு, "நாளைக்கு லீவு போடும். நான் கூட்டிக்கொண்டு போறன்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் அந்த அதிகாரிகளின் கந்தோருக்குப் போனோம். பெரிய அதிகாரி மரியாதையானவர், கதிரை தந்தார். அவருடைய மேசையில் என் படத்தின் அச்சுப் பிரதி கிடந்தது. இரண்டாவது வளைவு என் கற்பனை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை.

"நீங்கள் இந்தத் தொழில் செய்யிற ஆள். சும்மா ஒரு சித்திரக்காரர் கீறியிருந்தால் நாங்கள் கவனிச்சே இருக்கமாட்டம். அந்தக் குடும்பத்தில இரக்கப்பட்டு இப்ப மாத்திச் சொல்லுறீங்களோ?"

"இல்லை ஐயா. நான் பொய்யாத்தான் கீறினனான்."

"கொடி படந்திருக்கு. கல்லு உடைஞ்ச இடம் கூடத் தெரியுது. அதையெல்லாம் எப்பிடிப் பொய்யாக் கீறுறது?"

எங்கே போனாலும் கூடவே வரும் வர்ணப் பெட்டியும் தாளும் பையில் இருந்தன. ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டேன். அவருடைய யன்னலுக்கு வெளியே முற்றம், ஒரு வேப்பமரம், அதன் கீழ் அவர்களுடைய ஜீப். தாளை நனைத்து வானத்தை ஓடவிட்டேன், மரத்தை வைத்தேன், ஜீப் நின்ற இடத்தில் ஒரு இடிந்த வளைவை எழுப்பினேன். சுண்ணாம்பு உரிந்த இடம், கல் பெயர்ந்த இடம், நிழல், கொடி, எல்லாம் வந்தன. அங்கே வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். என் கைக்கு அது எவ்வளவு சுகமாக வருகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன், எனக்கே கூச்சமாக இருந்தது.

அதிகாரி தாளைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார். "அப்ப எங்கட ஜீப்பை ஆர் களவெடுத்தது?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேனா என்று ஞாபகம் இல்லை. காது இரண்டும் நெருப்பாக எரிந்தது மட்டும் நினைவிருக்கிறது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இதை என்னட்ட சொல்லிக் காணாது. அந்த ஊருக்கு முன்னால வந்து சொல்லுங்கோ. அவரைத்தான் ஊர் கள்ளன் எண்டு சொல்லுது" என்றார்.

போனேன். ஊர்ச் சனம் வேலிக்கு வெளியே நின்றது. அதிகாரியோடு வந்தவர்கள் கொட்டிலின் பக்கத்தில் இரும்பு அலவாங்கால் குத்திப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் அது வெறும் மணலுக்குள் இறங்கியது. பிறகு நான் சொன்னேன். இந்த இடத்தில் ஒன்றும் இருக்கவில்லை, படம் வடிவாக இருக்க வேண்டும் என்று நானே சேர்த்தேன், கேட்டவர்களுக்குப் பார்த்ததைத்தான் கீறினேன் என்று பொய்யும் சொன்னேன் என்று. யாரோ ஒருவர் "படிச்ச ஆக்கள்" என்று சொல்வது கேட்டது. அந்தப் பெண் கொட்டில் வாசலில் நின்று என்னைப் பார்க்காமல் தன் கணவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர்கள் இருவருக்கும் நடுவில் நான் போட்ட சந்தேகத்தை அலவாங்கு போட்டுக் கிண்டி எடுக்க முடியுமா?

பொலிஸ் விசாரணை நின்றது. ஆனால் எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. உண்மையான வளைவு இப்போது அதிகாரிகளின் கண்ணில் பட்டுவிட்டது. அதற்கு இவ்வளவு கிட்டக் கட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வெட்டிய அத்திவாரத்தை மூடி, பின்னால் தள்ளி, முதலிலிருந்து வெட்ட வேண்டியதாயிற்று. கூரை மாரிக்கு முன் ஏறவில்லை. அந்த மாரியையும் அவர்கள் தகரத்துக்குக் கீழேயே கழித்தார்கள். இங்கே மன்னாரில் என் வீட்டுக் கூரையில் மழை பெய்த ஒவ்வொரு நாளும் எனக்கு அந்தத் தறப்பாள்தான் நினைவுக்கு வந்தது. உண்மையை நான் முகநூலிலும் எழுதினேன். படத்தை அள்ளி அள்ளிப் பகிர்ந்தவர்களில் அதைப் படித்தவர்கள் மிகச் சிலர்.

ஊருக்கு முன்னால் நான் உண்மையைச் சொன்ன அன்று, சனம் கலைந்த பிறகு, அவள் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். நான் கையோடு கொண்டுபோயிருந்த அந்த ஓவியத்தை எடுத்து, அவள் முன்னாலேயே கிழிக்கப் போனேன்.

"கிழிக்காதேங்கோ மிஸ், பாப்பம்" என்று வாங்கிக்கொண்டாள். அதுவரை அவள் அதைத் தொலைபேசியில்தான் பார்த்திருக்கிறாள். நெடுநேரம் பார்த்தாள். "வடிவாத்தான் இருக்கு" என்றாள். பிறகு, குறை சொல்கிற குரலில் இல்லாமல், தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேட்டாள்.

"எங்கட கொட்டில் எங்க மிஸ்? வீட்டை போய்க் கீறுவன் எண்டு சொன்னனீங்கள்."

கதிரையை மாசியில் போட்ட அதே இடத்தில் போடச் சொன்னேன். அவள் மறுபடியும் குடிதண்ணீரில் ஒரு பேணி வார்த்துத் தந்தாள்.

அன்று நான் கந்தோரில் இருப்பதுபோல் இருந்து கீறினேன். பென்சிலை நீட்டி அளந்து, ஒரு வளைவு மட்டும். தகரத்தின் துரு, தறப்பாளின் நீலம், கறுப்புத் தாங்கி, கொடியில் ஒரு சாரமும் இரண்டு சட்டையும், அத்திவாரக் கிடங்கு. நீலம் கடலைக் கொல்லவில்லை. வானம் மாசியில் வந்ததுபோல் வரவில்லை. ஆனாலும் முடித்து, காயவிட்டு, அவளிடம் கொடுத்தேன்.

அவள் கணவரைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் தாளை நடுவில் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றார்கள். அவள் வளைவில் விரலை வைத்தாள். இரண்டு பேரும் நிமிர்ந்து வளைவைப் பார்த்தார்கள். விரல் கொட்டிலுக்குப் போனது, நிமிர்ந்து கொட்டிலைப் பார்த்தார்கள். தாங்கி, கொடி, கொடியில் இருந்த சட்டை, கிடங்கு என்று ஒன்றையும் விடவில்லை. வெற்றிடமாக விட்ட மணலைக்கூட அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பிறகு அவள் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "சரியா இருக்கு மிஸ்" என்றாள்.

இன்றும் தூரிகையைத் தண்ணீரில் தோய்க்கும்போதெல்லாம், தாளையும் நிலத்தையும் மாறி மாறிப் பார்த்த அந்த நான்கு கண்கள்தான் என் முன்னால் வந்து நிற்கின்றன, ஏனென்றால் அன்றுவரை அதே கண்கள் தங்களை நம்பாமல் என்னை நம்பியிருந்தன.